தொழுவத்துச் சுவரேறிய போர்வைகள்

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், தென்கிழக்குக் குன்றுகளுக்கு நடுவே ஏதென்ஸ் என்றொரு பல்கலைக்கழக ஊர் இருக்கிறது. 1874-இல் அங்கே ஒரு மனநல மருத்துவமனை திறந்தார்கள். வேலை செய்வதே பாதி மருந்து என்று நம்பப்பட்ட காலம் அது. நோயாளிகள் தோட்டம் போட்டார்கள், மாடு கறந்தார்கள். அந்த மாடுகளுக்காக 1914-இல் நீண்டு உயர்ந்த ஒரு தொழுவம் எழுந்தது. 1960-களின் கடைசிவரை அதில் கறவை நடந்தது. பிறகு மாடுகள் போயின. கேட்பாரற்றுக் கிடந்த கட்டடத்தை 1977-இல் இடித்துவிட நாள் குறித்தார்கள். இடிப்புக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, ஹாரியட் ஆண்டர்சன் என்ற உள்ளூர் ஓவியரும் அவருடைய கணவர் ஓராவும் ஊராரைத் திரட்டிக்கொண்டு போய் அதைத் தடுத்தார்கள். மறு ஆண்டே அந்தத் தொழுவம் நாட்டின் வரலாற்றுச் சின்னங்களின் பட்டியலில் ஏறிவிட்டது.

காப்பாற்றியாகிவிட்டது, இனி அதற்குள் என்ன வைப்பது? பதில் 1979-இல் வந்தது. போர்வைகளை மாட்டினார்கள்.

‘குவில்ட் நேஷனல்’ என்ற பெயரில் அன்று தொடங்கிய கண்காட்சி இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஒற்றைப்படை ஆண்டுகளின் கோடையில், அதே தொழுவத்தில் இன்றும் நடக்கிறது. தொழுவம் இப்போது ‘டெய்ரி பார்ன்’ கலை மையம். தற்காலக் குவில்ட் கலைக்கு உலகில் பல மேடைகள் வந்துவிட்டன. நியூயார்க் மாநிலத்தின் ஆபர்ன், கலிஃபோர்னியாவின் சான் டியேகோ, இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் எல்லாவற்றிலும் கண்காட்சிகள் உண்டு. ஆனாலும் இந்தத் துறையில் உழைப்பவர்கள் தங்கள் படைப்பு தொங்கவேண்டும் என்று முதலில் ஆசைப்படும் இடம் அந்தப் பழைய தொழுவம்தான். ஜப்பானிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் விண்ணப்பங்கள் வருகின்றன.

குவில்ட் என்பது அடிப்படையில் மூன்று அடுக்கு. மேலே துண்டுத் துணிகளை இணைத்துத் தைத்த முகப்பு, நடுவே பஞ்சு, அடியில் ஒரு துணி. மூன்றையும் பிரியாமல் பிடித்துவைப்பது, ஊசி கீழே போய் மேலே வரும் சாதாரண ஓட்டுத் தையல். வங்கத்தின் காந்தா, சிந்து மாகாணத்தின் ரல்லி, கர்நாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில் சித்தி இனப் பெண்கள் ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கித் தைத்துக்கொண்டே போகும் கவந்தி எல்லாம் இதே குடும்பம்தான். பஞ்சுக்குப் பதில் அங்கே பழந்துணியே அடுக்காகப் போகும். அமெரிக்காவில் இது குடியேறிய குடும்பங்களின் குளிர்காலத் தேவையாக இருந்தது. கல்யாணத்துக்குத் தைத்தார்கள், பிள்ளை பிறந்தால் தைத்தார்கள், ஊரைவிட்டுப் போகிறவர்களுக்கு அண்டை அயலார் தங்கள் பெயரைத் தைத்துக் கொடுத்தார்கள்.

போட்டியும் புதிதல்ல. கிராமத்துச் சந்தைகளில் கொழுத்த பன்றிக்கும் பெரிய பூசணிக்கும் பரிசு கொடுத்த அதே கூடாரத்தில் குவில்ட்டுக்கும் முதல் பரிசின் நீல நாடா கிடைத்தது. அங்கே நடுவரின் கண் தேடியது நேர்த்தியை. அங்குலத்துக்கு எத்தனை தையல், முக்கோணங்களின் முனைகள் வெட்டுப்படாமல் சந்திக்கின்றனவா, ஓரப்பட்டி நேராக ஓடுகிறதா? வடிவம் பாட்டி காலத்து வடிவமாகவே இருக்கலாம். பார்க்கப்போனால், அப்படி இருப்பதே நல்லது.

இந்த அளவுகோல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1933-இல் ஒரு சாட்சி கிடைத்தது. சிகாகோவில் உலகக் கண்காட்சி நடந்த ஆண்டு அது. சியர்ஸ் ரோபக் வணிக நிறுவனம் தேசிய அளவில் குவில்ட் போட்டி ஒன்றை அறிவித்தது. பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவில் முதல் பரிசு 1,000 டாலர். உலகக் கண்காட்சியின் கருப்பொருளான ‘நூற்றாண்டு முன்னேற்ற’த்தைச் சித்திரித்தால் மேற்கொண்டு 200 டாலர். சில மாத அவகாசத்தில் ஏறத்தாழ 24,000 குவில்ட்டுகள் குவிந்தன. எத்தனையோ பெண்கள் வானளாவிய கட்டடங்களையும் ரயிலையும் விமானத்தையும் துணியில் வெட்டித் தாங்களே புது வடிவங்களைப் படைத்திருந்தார்கள்.

அவற்றில் ஒன்றுக்கும் முதலிடம் கிடைக்கவில்லை. கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டனைச் சேர்ந்த மார்கரெட் ரோஜர்ஸ் கேடன் அனுப்பிய, மரபான நட்சத்திர வடிவக் குவில்ட் வென்றது. தையல் அத்தனை நுணுக்கம். ஆனால் அதில் ஒரு தையலும் கேடனுடையதல்ல. தையற்கலைப் பொருள் விற்ற அவர், வேலை தெரிந்த உள்ளூர்ப் பெண்களைக் கூலிக்கு வைத்துத் தைத்து வாங்கினார். சொந்தக் கைவேலையாக இருக்கவேண்டும் என்பது போட்டியின் விதி. தைத்தவர்கள் வாயைத் திறக்கவில்லை. மந்தக் காலத்தில் கிடைத்த வேலையை இழக்க யாருக்கு மனம் வரும்? பரிசுப் பணத்தில் அவர்களுக்குப் பங்கு வரவில்லை. வென்ற குவில்ட்டை அதிபரின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட்டுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். அது இன்று எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. உண்மை வெளிவரப் பல பத்தாண்டுகள் ஆயின.

நேர்த்தியை மட்டும் எண்ணிப்பார்க்கிற நடுவர், கை யாருடையது, கற்பனை யாருடையது என்ற இரண்டு கேள்விகளையும் கோட்டைவிடுவார் என்பதை அந்தப் போட்டி காட்டிவிட்டது. பின்னாளில் ஏதென்ஸ் தொழுவத்தில் உருவான நடுவர் முறை இவற்றில் இரண்டாவது கேள்வியைப் பிடித்துக்கொண்டது. முதல் கேள்வி இன்னும் முழுதாகத் தீரவில்லை. அதைப் பிறகு பார்ப்போம்.

போர்வையைப் படமாகப் பார்க்கலாம் என்ற எண்ணம் நியூயார்க்கில் பொதுமக்களிடம் வந்தது 1971-இல். ஜோனத்தன் ஹோல்ஸ்டீன், கெய்ல் வான் டெர் ஹூஃப் இருவரும் பழைய குவில்ட்டுகளைத் தேடித்தேடிச் சேர்த்தவர்கள். அவற்றை விட்னி அருங்காட்சியகத்தின் வெள்ளைச் சுவரில், ஓவியம் மாட்டுவதுபோல் மாட்டினார்கள். கட்டில் இல்லை, கதை இல்லை, பாட்டி இல்லை. வண்ணமும் வடிவமும் மட்டும். பெரிய அரூப ஓவியர்கள் தொட்ட இடத்தைப் பண்ணை வீட்டுப் பெண்கள் முன்பே தொட்டிருக்கிறார்களே என்று விமர்சகர்கள் வியந்தார்கள். கூட்டம் வந்தது. பெண்ணியக் கலை வரலாற்றாளர் பட்ரீஷியா மைனார்டி 1973-இல் எழுதிய கட்டுரையில் இந்த வியப்பையே கேள்வி கேட்டார். ஆண் ஓவியர்களை உரைகல்லாக வைத்துத்தான் பெண்களின் கலையை மதிக்கவேண்டுமா, தைத்தவர்களின் பெயர்கள் எங்கே போயின என்பது அவர் வாதத்தின் சாரம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கண்காட்சி நடந்திராவிட்டால் கேள்வி கேட்கவும் இடம் கிடைத்திருக்காது.

1976-இல் நாடு இருநூறாவது பிறந்தநாள் கொண்டாடியபோது குவில்ட் வகுப்புகளுக்கு வீட்டுக்கு வீடு கிராக்கி. அதே நேரத்தில், ஓவியமும் மண்பாண்டக் கலையும் நெசவும் கல்லூரியில் படித்த சிலர் துணிக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். மைக்கேல் ஜேம்ஸ் ஓவியப் பட்டம் பெற்றவர். நான்சி குரோவும் கல்லூரியில் கலை பயின்றவர். இவர்கள் தைத்தது பாட்டி வடிவமல்ல, கட்டிலில் விரிப்பதற்குமல்ல. சந்தைக் கூடாரத்தில் இதைக் காட்டினால் முனை சந்திக்கவில்லை என்பார்கள். ஓவியக் கூடத்துக்குக் கொண்டுபோனால் போர்வையை ஏன் இங்கே எடுத்துவந்தீர்கள் என்பார்கள். இரண்டு வாசலும் அடைத்திருந்தபோது ஏதென்ஸில் ஒரு தொழுவம் காலியாக இருந்தது. நான்சி குரோ, ஃபிரான்ஸ்வாஸ் பார்ன்ஸ், வர்ஜீனியா ராண்டில்ஸ் ஆகிய ஒஹாயோ கலைஞர்கள் ஹாரியட் ஆண்டர்சனுடன் கைகோத்தார்கள். முதல் நடுவர் குழுவில் மைக்கேல் ஜேம்ஸும் இருந்தார்.

அதே 1979-இல் ஜப்பானின் ஒல்ஃபா நிறுவனம் சக்கரக் கத்தியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பீட்சா வெட்டும் உருளைபோல் இருக்கும் அந்தச் சின்னக் கருவி பல அடுக்குத் துணியை ஒரே இழுப்பில் வெட்டும். கத்தரிக்கோலின் சிறுசிறு கடிகளுக்குப் பதிலாக நீண்ட கோடு கிடைத்தது. அளவுகோல் இல்லாமல், மனம்போன போக்கில் வளைத்து வெட்டவும் முடிந்தது. குரோவின் பிற்காலப் படைப்புகளின் கோடுகளில் காணும் உயிர் இந்தக் கத்தி இல்லாமல் வந்திருக்காது. கலை வரலாறு எழுதுகிறவர்கள் இப்படிப்பட்ட கருவிகளுக்கு அரைவரிக்கு மேல் ஒதுக்குவதில்லை.

சரி, எதை ஏற்பது, எதை விடுவது? குவில்ட் நேஷனலின் விதிகளில் மிகச் சுவையான பகுதி இதுதான். படைப்பு பெரும்பாலும் துணியாலோ துணிபோன்ற பொருளாலோ ஆனதாக இருக்கவேண்டும். குறைந்தது இரண்டு முழு அடுக்குகள் வேண்டும்: ஒரு முகப்பு, ஒரு முதுகு. எல்லா அடுக்குகளையும் துளைத்துச் செல்லும் தையலோ அதற்கு ஈடான வேறொன்றோ பரப்பு முழுவதும் பரவி அவற்றைப் பிடித்துவைக்கவேண்டும். அவற்றில் சிலவாவது பின்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியவேண்டும். சிறுசிறு குவில்ட்டுகளைக் கோத்து ஒரே படைப்பாக்கலாம், ஆனால் ஒவ்வொரு துண்டும் தனித்தனியே இந்த விதிக்கு உட்படவேண்டும். வடிவமைப்பு சொந்தமானதாக, மற்றவருடைய படைப்பின் நகலாக இல்லாமல் இருக்கவேண்டும். முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் முடித்ததாகவும் இருக்கவேண்டும்.

படுக்கையின் அளவு பற்றி ஒரு வார்த்தை இல்லை. பஞ்சு கட்டாயமில்லை. துணிபோன்ற பொருள் என்ற சொல்லுக்குள் காகிதம், பிளாஸ்டிக், உலோக வலை எல்லாம் நுழைந்துவிடும். ஆண் தைத்தாலும் பெண் தைத்தாலும், கையால் தைத்தாலும் இயந்திரத்தால் தைத்தாலும் ஒன்று. அத்தனை கதவையும் திறந்துவிட்டு ஒன்றே ஒன்றில் மட்டும் பிடிவாதம்: ஊசி மறுபக்கம் போய் வந்திருக்கவேண்டும். துணியில் தீட்டிய ஓவியத்துக்கும் குவில்ட்டுக்கும் நடுவே கோடு கிழிக்க இதைவிடத் தெளிவான வழி தோன்றவில்லை. எது கலை என்ற வழக்கைத் தீர்க்கப் புறப்பட்டிருந்தால் அந்த அமைப்பாளர்கள் இன்றுவரை கூட்டம் போட்டுக்கொண்டிருப்பார்கள். முதுகைத் திருப்பிப் பார் என்று சொல்லிவிட்டுத் தப்பித்தார்கள்.

தேர்வு நடப்பது இப்படி. ஒவ்வொரு கண்காட்சிக்கும் மூன்று நடுவர்கள், ஒவ்வொரு முறையும் புதியவர்கள். துணிக் கலைஞர்களும் வேறு துறையைச் சேர்ந்தவர்களும் கலந்திருப்பது வழக்கம். விண்ணப்பிப்பவர் கட்டணம் கட்டிப் படங்கள் அனுப்பவேண்டும்: முழுப் படைப்பையும் காட்டும் ஒன்று, ஒரு பகுதியை நெருக்கத்தில் காட்டும் ஒன்று. முன்பு ஸ்லைடு, இப்போது கணினிக் கோப்பு. திரையில் படம் வரும்போது தைத்தவர் பெயர் நடுவர்களுக்குச் சொல்லப்படாது. மூத்தவரா முதல்முறை அனுப்புகிறவரா, எந்த நாடு, எத்தனை விருது, எதுவும் தெரியாது. ஆயிரத்துக்கும் மேல் படைப்புகள் வந்த ஆண்டுகள் உண்டு. தொங்கவிட இடமிருப்பது ஏறத்தாழ எண்பதுக்குத்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓரிரு நாளில் ஆயிரம் படைப்புகளைப் பார்க்கவேண்டுமென்றால் ஒன்றுக்கு எவ்வளவு நேரம்? முதல் சுற்றில் சில நொடிகள்தான். ஆறு மாதம் உட்கார்ந்து தைத்தது சில நொடியில் தள்ளுபடியாகிறது. கடைசிச் சுற்றுகளில்தான் நிதானமான பேச்சு, வாக்குவாதம், விட்டுக்கொடுத்தல் எல்லாம். நல்ல படைப்புகளாகத் தேர்ந்தால் போதாது, அவை ஒன்றோடொன்று சேர்ந்து ஒரு கண்காட்சியாகவும் நிற்கவேண்டும். முதல் தரமான படைப்பு ஒன்று வெளியே போகவும், சற்றுக் கீழான ஒன்று உள்ளே வரவும் இதுவும் ஒரு காரணம்.

இந்த முறைக்கு ஒரு விலை உண்டு. குவில்ட்டின் உயிர் அதன் மேடுபள்ளத்தில் இருக்கிறது. தையல் போன இடத்தில் துணி அமுங்கும், இடைப்பட்ட இடம் உப்பி நிற்கும், பக்கவாட்டு வெளிச்சத்தில் அந்தப் பரப்பு அசைவதுபோல் இருக்கும். நேரே வெளிச்சம் போட்டு எடுத்த படத்தில் இது பாதி செத்துவிடும். ஆளைவிட உயரமான படைப்பும் கைக்குட்டை அளவுப் படைப்பும் திரையில் ஒரே அளவுதான். வெள்ளையில் வெள்ளை நூலால் தைத்த நுட்பமான வேலை திரையில் வெறும் துணியாகத் தெரியும். பளீரென்ற வண்ணமும், தூரத்திலிருந்தே பிடிபடும் வடிவமும் முதல் சில நொடிகளில் ஜெயிக்கும். விண்ணப்பிப்பவர்களுக்கும் இது தெரியாமலில்லை. நல்ல புகைப்படக்காரருக்குப் பணம் செலவழியுங்கள் என்பதே புதியவர்களுக்கு மூத்தவர்கள் சொல்லும் முதல் அறிவுரை. ஒரு தலைமுறைக் கலைஞர்கள் படத்தில் நன்றாக விழும் குவில்ட்டுகளைத் தைக்கப் பழகிவிட்டார்கள் என்று சொன்னால் அது மிகையாகாது. அங்குலத் தையலை எண்ணியது சந்தைக் கூடாரத்து நடுவரின் குருட்டுப் புள்ளி. தையலையே பார்க்க முடியாமல் போவது திரை நடுவரின் குருட்டுப் புள்ளி.

இனி முன்பு விட்ட கேள்விக்கு வரலாம்: கை யாருடையது? நான்சி குரோவின் ‘சீன ஆன்மாக்கள்’ வரிசையை எடுத்துக்கொள்வோம். 1990-இல் சீனாவுக்குப் போயிருந்தபோது, கயிற்றால் கட்டப்பட்ட இளைஞர்களைத் தண்டனை நிறைவேற்ற வண்டியில் கொண்டுபோனதை அவர் பார்க்க நேர்ந்தது. அந்தக் காட்சி அவரை விடவில்லை. வட்ட வட்டமான வடிவங்கள், ஒவ்வொன்றையும் கயிறு சுற்றியதுபோல் இறுக்கும் கோடுகள் என்று அது துணியில் இறங்கியது. வட்டங்கள் அந்த இளைஞர்களின் உயிர்கள். துணிக்குச் சாயம் ஏற்றியது, வெட்டியது, இணைத்தது, தையல் எந்த வழியில் ஓடவேண்டும் என்று கோடு போட்டுக்கொடுத்தது எல்லாம் குரோ. ஆனால் இரண்டாவது ‘சீன ஆன்மாக்க’ளில் அடுக்குகளைப் பிடித்துவைக்கும் ஆயிரக்கணக்கான கைத்தையல்களைப் போட்டவர் மேரி மூர் என்ற பெண்மணி. குரோ இதை மறைக்கவில்லை. படைப்பின் விவரக்குறிப்பிலேயே அவர் பெயர் இருக்கிறது.

கேடன் மறைத்ததைக் குரோ எழுதிவைத்தார். இரண்டுக்கும் நடுவே உள்ள வேறுபாடு பெரிது. இருந்தாலும், ஊசி மறுபக்கம் போய்வருவதுதான் குவில்ட்டைக் குவில்ட் ஆக்குகிறது என்று விதி சொல்லும்போது, அந்த ஊசியைப் பிடித்தவருக்கு விவரக்குறிப்பில் ஒரு வரி போதுமா என்ற கேள்வி எழத்தான் செய்கிறது. இப்போது பெரிய நீள்கைத் தையல் இயந்திரங்களை வைத்து மற்றவர்களுக்குத் தைத்துக் கொடுப்பது ஒரு தொழிலாகவே வளர்ந்திருப்பதால், கேள்வி இன்னும் கூர்மையாகியிருக்கிறது. சிற்பி வார்ப்புப் பட்டறைக்கு அனுப்புவதில்லையா என்று சிலர் கேட்கிறார்கள். வார்ப்புப் பட்டறை சிற்பத்தின் இலக்கணமல்ல என்பதே கேள்வி எழுப்புகிறவர்களின் பதில்.

துணிக்குச் சாயம் ஏற்றுவது என்ற இடத்தில் நம் கரைக்கும் ஒரு பங்கு உண்டு. இன்று கலைஞர்கள் தாங்களே சாயம் தோய்க்கிறார்கள். ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவிலும் அமெரிக்கக் குடியேற்றங்களிலும் பூப்போட்ட நல்ல பருத்தி வேண்டுமென்றால் அது சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறி வரவேண்டும். பழவேற்காடும் மசூலிப்பட்டினமும் அனுப்பிய சீட்டித் துணிகள், துவைத்தாலும் சாயம் போகாதவை. இங்கிலாந்தின் நெசவாளர்கள் கொந்தளித்து, 1701-லும் 1721-லும் சட்டம் போட்டு அவற்றைத் தடுக்கவேண்டி வந்தது. விலை ஏறிய அந்தத் துணியில் ஒரு கிளையையும் வீணாக்க மனமில்லாமல், பூவையும் பறவையையும் தனித்தனியே கத்தரித்து வெள்ளைத் துணியில் பதித்துத் தைத்தார்கள். நம் கோயில் தேர்களில் தொங்கும் தொம்பைகளில் செய்வதும் இந்தப் பதிப்புத் தையல்தான். அருங்காட்சியகங்களில் இருக்கும் பழைய அமெரிக்கக் குவில்ட்டுகள் சிலவற்றின் நடுவே பூத்திருக்கும் மரங்கள், பெயர் தெரியாத தென்னிந்தியச் சாயக்காரர்கள் தீட்டியவை.

மறுபடியும் ஏதென்ஸ் நடுவர்களிடம் வருவோம். பெயர் மறைத்துப் பார்க்கும் முறை எல்லோரையும் சமமாக்கும் என்பது எண்ணம். பெருமளவுக்கு உண்மையும்கூட. ஆனால் விண்ணப்பிப்பவர்களை மட்டும்தான் அது சமமாக்கும். விண்ணப்பம் என்று ஒன்று இருப்பதே தெரியாதவர்களுக்கு அதனால் பயனில்லை.

ஹாரியட் பவர்ஸ் 1837-இல் ஜார்ஜியா மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர். அங்கும் ஒரு ஏதென்ஸ் இருக்கிறது. 1886-இல் அந்த ஊரின் பருத்திக் கண்காட்சியில் அவர் வைத்த விவிலியக் குவில்ட்டை ஜென்னி ஸ்மித் என்ற ஓவிய ஆசிரியை பார்த்து மயங்கிப்போனார். விலைக்குக் கேட்டார். பவர்ஸ் கொடுக்கவில்லை. சில ஆண்டுகள் கழித்துக் குடும்பம் நொடித்தபோது பத்து டாலர் கேட்டு, ஐந்து டாலருக்கு விற்றார். விற்ற பிறகும் அதைப் பார்க்க அடிக்கடி ஆசிரியை வீட்டுக்கு வந்து போனாராம். அது இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அரிய சொத்துகளில் ஒன்று. அலபாமா மாநிலத்தில், ஆறு வளைந்தோடும் ஜீஸ் பெண்ட் என்ற ஒதுக்குப்புறக் கிராமத்தில், அடிமைகளின் வழிவந்த குடும்பப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் பழைய வேலைத்துணிகளில் தைத்துவந்தார்கள். 1942-இல் மிசூரி பெட்வே இறந்துபோன கணவனின் உழைப்பு படிந்த கால்சட்டைகளையும் சட்டைகளையும் கிழித்து ஒரு குவில்ட் தைத்தார். முழங்கால் தேய்ந்த தடம் அதில் அப்படியே தெரியும். இந்தக் கிராமத்துக் குவில்ட்டுகள் 2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும் பிறகு விட்னியிலும் தொங்கியபோது நியூயார்க் மறுபடியும் வியந்தது. 2006-இல் அவை அஞ்சல்தலையிலும் வந்தன. இவற்றில் எதுவும் எந்த நடுவர் குழுவின் முன்பும் போய்த் தேர்வானதல்ல.

கரோலின் மஸ்லூமி விண்வெளிப் பொறியாளர். குவில்ட் கூட்டங்களில் தன்னைப்போன்ற கறுப்பினப் பெண்கள் கண்ணில் படாததைக் கவனித்தவர் 1985-இல் அவர்களுக்கென்று ஒரு வலையமைப்பையே தொடங்கினார். ஃபெய்த் ரிங்கோல்டு, ஆடை வடிவமைப்பாளரான தன் தாய் வில்லி போசியோடு சேர்ந்து 1980-இல் முதல் குவில்ட்டைத் தைத்தார். எட்டு ஆண்டுகள் கழித்து அவர் செய்த ‘தார் பீச்’ குகன்ஹைம் அருங்காட்சியகத்துக்குப் போனது. ஆப்பிரிக்க அச்சுத் துணிகளில் ஆளுயர மனித உருவங்களைத் தைக்கும் பீசா பட்லருக்குச் சிகாகோ கலைக்கழகம் 2020-இல் தனிக் கண்காட்சி நடத்தியது. நடுவர் கண்காட்சி என்ற ஏணியை நம்பியிராமல் மேலே வந்தவர்கள் இவர்கள். குவில்ட் கலையின் வரலாற்றை ஏதென்ஸ் தொழுவத்தை மட்டும் வைத்து எழுதினால் அதன் பெரும்பகுதி விடுபட்டுப்போகும்.

தொழுவத்தின் பெருமை வேறு வகை. இந்தக் கண்காட்சியை 1982 முதல் கட்டிக்காத்தவர் ஹிலரி மாரோ ஃபிளெட்சர். இருபது ஆண்டுகளுக்கு மேல், 2006-இல் மறையும்வரை, ஏற்பு, மறுப்பு இரண்டு வகைக் கடிதங்களும் அவர் மேசையிலிருந்துதான் போயின. ஏற்புக் கடிதங்களைவிட மறுப்புக் கடிதங்கள் பத்து மடங்குக்கும் மேல் இருந்திருக்கும். அவர் நினைவாக வைத்த விருது, பலமுறை அனுப்பித் திருப்பப்பட்டு, பிறகு முதல்முறையாக உள்ளே வந்த ஒருவருக்கு. விடாமுயற்சிக்கு விருது என்று அதற்குப் பெயர். தோற்றவர்களின் எண்ணிக்கையைத் தெரிந்து வைத்திருந்த ஓர் அலுவலகத்துக்குத்தான் இப்படி ஒரு விருது தோன்றும்.

தேர்வான பின்தான் குவில்ட் நேரில் வந்து சேரும். சுருட்டி, குழாயில் அடைத்து, காப்பீடு செய்து அனுப்புவார்கள். பெட்டியைப் பிரிக்கும்போதுதான் படத்தில் பார்த்ததும் துணியும் ஒன்றா என்று தெரியவரும். பெரும்பாலானவை விற்பனைக்கும் உண்டு. வாங்குபவர்களில் தனியார் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள், அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. அப்படிச் சேர்த்த ஆர்டிஸ், ராபர்ட் ஜேம்ஸ் தம்பதி 1997-இல் ஏறத்தாழ 950 குவில்ட்டுகளை நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார்கள். லிங்கன் நகரில் உள்ள பன்னாட்டுக் குவில்ட் அருங்காட்சியகத்தின் தொடக்கம் அதுதான். விட்னியில் தொங்கிய பழைய குவில்ட்டுகளும் பிறகு அங்கேயே போய்ச் சேர்ந்தன.

செப்டம்பரில் தொழுவம் காலியாகும். விற்காதவற்றையும், வாங்கியவர் இரவல் கொடுத்தவற்றையும் சில தொகுதிகளாகப் பிரித்து மற்ற ஊர்களின் கூடங்களுக்கு அனுப்புவார்கள். அந்தச் சுற்றுப்பயணம் முடிந்து படைப்பு வீடு திரும்ப ஓரிரண்டு ஆண்டுகூட ஆகும். இரண்டு ஆண்டுக்கு உட்பட்ட புதிய வேலையைத்தான் ஏற்போம் என்ற விதி இருப்பதால், பழைய குவில்ட் ஊர் சுற்றிக்கொண்டிருக்கும்போதே அதைத் தைத்தவர் அடுத்ததைப் பாதி முடித்திருக்கவேண்டும். முடித்தால் மறுபடியும் ஒரு நல்ல புகைப்படக்காரரைத் தேடவேண்டும்.